நாற்காலி போட்டுப் பிடித்த இடம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பனி அள்ளிய மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு லெஷெக் ஒரு சபதம் எடுத்தார். சிகாகோ நகரமே தலைகீழாக நின்றாலும் சரி, இந்தச் சனி ஞாயிறு அவர் வீட்டை விட்டு நகரப்போவதில்லை.

சபதம் பழையது. சாக்குதான் புதிது.

அவர் மனைவி ஹலினாவுக்கு ஒரு பழக்கம். மற்ற வீடுகளில் சாப்பிடும் முன் ஜெபம் சொல்வார்கள். வியாழக்கிழமைகளில் ஹலினா, 'இந்த வார இறுதியில் நகரில் என்ன விசேஷம்' என்ற பத்திரிகைப் பக்கத்தைப் படிப்பாள். ஆர்க்கிட் கண்காட்சி, அக்கார்டியன் கச்சேரி, அருங்காட்சியகத்தில் இலவச நாள், ஏரிக்கரையில் பனிச்சிற்பம். எல்லாவற்றையும் ஏற்ற இறக்கத்தோடு படிப்பாள். லெஷெக் உருளைக்கிழங்கை மென்றபடி "ம்" கொட்டுவார். சனிக்கிழமை வந்ததும் ஒரு காரணம் சொல்வார். முதுகுவலி. மழை. டிவியில் கால்பந்து. ஒரு முறை வேறு எதுவும் தோன்றாமல், சௌக்கியமாக இருந்த தன் மாமாவை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார். மறுநாள் மாமா கையில் கேக்கோடு வாசலில் வந்து நின்றார்.

லெஷெக் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள பெரிய அரங்குகள் எல்லாவற்றுக்கும் போயிருக்கிறார். எல்லாவற்றையும் லிஃப்ட் குழிக்குள் நின்றுதான் பார்த்திருக்கிறார். "அதுக்கு மேல பாக்க என்ன இருக்கு?" என்பது அவர் கட்சி.

இந்த வாரம் சாக்கு வானத்திலிருந்தே விழுந்தது. வியாழக்கிழமை பிடித்த பனி, வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் விட்டது. லெஷெக் இடுப்பு ஒடிய அள்ளி, வீட்டு வாசல் தெருவோரத்தில் ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடம் பறித்தார். எங்கள் ஊரில் இதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யார் பனி அள்ளினாரோ, இடம் அவருக்கு. கார் வெளியே போனால், பழைய நாற்காலி ஒன்றை அங்கே போட்டுவிட்டுப் போகலாம். பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். என்ன, துண்டைத் தூக்கி எறிகிறவன் உண்டு. நாற்காலியைத் தொடுகிறவன் மறுநாள் தன் கார் சக்கரங்களில் காற்றைத் தேட வேண்டியிருக்கும்.

சாப்பாட்டு மேஜையில் ஹலினா ஆரம்பித்தாள்.

"நாளைக்கு மூணு மணிக்கு பொம்மலாட்டம். ஆளுயரப் பொம்மையாம். பெரியவங்க பாக்கிறது. ரெண்டு டிக்கெட் வாங்கிட்டேன்."

"அடடா," என்று லெஷெக் தட்டிலிருந்த தொத்திறைச்சியைத் துக்கத்தோடு பார்த்தார். "காரை எடுக்க முடியாதே."

"ஏன்?"

"இடம் போயிடும்."

"நாற்காலி எதுக்கு இருக்கு?"

"நாற்காலிக்கு இப்ப யாரு மரியாதை குடுக்கறா? முக்குல புது அடுக்குமாடிக்குக் குடிவந்திருக்காங்களே, அவங்க நாற்காலியைப் பாத்தா அதுல உக்காந்து போட்டோ எடுத்துக்கிறாங்க."

"அப்ப ரயில்ல போலாம்."

"பிளாட்பாரத்துல காத்து அறுக்கும். எனக்கு முழங்கால் வலி."

"போன வாரம் முதுகுல இல்ல இருந்துச்சு?"

"இறங்கி வந்துருச்சு."

வழக்கமாக இந்த இடத்தில் ஹலினா முள்கரண்டியைக் கீழே வைப்பாள், சண்டை ஆரம்பமாகும். அன்றைக்கு அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, "நீ சொல்றதும் சரிதான்" என்றாள்.

அவர்களின் கல்யாண வாழ்க்கையில் அந்த வாக்கியம் அதுவரை உச்சரிக்கப்பட்டதே இல்லை. விவரம் தெரிந்த புருஷனாக இருந்தால் அப்போதே குலை நடுங்கியிருக்கும். லெஷெக் இன்னொரு துண்டு தொத்திறைச்சி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை சோபா, போர்வை, டிவி, காபி. சொர்க்கத்தில் இதைவிட அதிகமாக என்ன இருந்துவிடப் போகிறது? ஹலினா "ஒரு முட்டை கடன் வாங்கிட்டு வர்றேன்" என்று எதிர்வீட்டுக்குப் போனாள். முட்டை இல்லாமல் திரும்பி வந்தாள். லெஷெக் அதையும் கவனிக்கவில்லை.

மத்தியானம் அழைப்பு மணி அடித்தது.

வாசலில் எதிர்வீட்டு தியோ நின்றார். மெக்சிகோக்காரர். லெஷெக்கை எப்போதும் மரியாதையாக 'தோன்' போட்டுத்தான் கூப்பிடுவார். பக்கத்தில் அவர் மனைவி மரிசேலா, துணி போட்டு மூடிய பெரிய பாத்திரத்தோடு.

"தோன் லெஷெக்!" தியோ அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இந்த உதவியை நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்."

"எந்த உதவி?"

"கேட்டியா மரிசேலா, எந்த உதவின்னு கேக்கறார்! செஞ்சதைக்கூட வெளிய சொல்லிக்காத மனுஷன்!"

மரிசேலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மாவுக்கு இப்பத்தான் முழங்கால் ஆபரேஷன் ஆச்சு. எங்க பேரனுக்கு இன்னிக்கு ஞானஸ்நானம். எங்கயோ காரை நிறுத்திட்டு இந்த வழுக்கல்ல எப்படி நடந்து வருவாங்கன்னு தவிச்சுக்கிட்டிருந்தோம். ஹலினா வந்து சொன்னாங்க. நீங்க ராத்திரி பூரா தூங்காம யோசிச்சு, 'நம்ம இடத்தை அந்தம்மாவுக்குக் குடுத்துடலாம்'னு நீங்களாவே சொன்னீங்களாமே!"

லெஷெக் திரும்பி ஹலினாவைப் பார்த்தார். அவள் தேவாலயத்துச் சுவரில் நிற்கும் புனிதையின் முகத்தோடு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தியோவுக்குப் பேரன் எப்போது பிறந்தான்? லெஷெக்குக்கு ஞாபகம் வரவில்லை. கேட்டால், இத்தனை நாள் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்பது வெளிப்பட்டுவிடும். "குழந்தை நல்லா இருக்கானா?" என்று மட்டும் கேட்டுவைத்தார்.

"உங்க ஆசீர்வாதம்!" என்றார் தியோ.

மரிசேலா துணியை விலக்கினாள். ஆவி பறந்தது. உள்ளே மிளகாயும் பன்றி இறைச்சியும் வைத்து, சோளத்தோகையில் கட்டி வேகவைத்த கொழுக்கட்டைகள். லெஷெக் ஒன்றைப் பிரித்துத் தின்றார். அதற்குமேல் லெஷெக்கால் என்ன பேச முடியும்? ஒருவர் திட்டினால் திருப்பித் திட்டலாம். அடித்தால் போலீசுக்குப் போகலாம். கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிறவரை என்ன செய்வது?

கடைசி முயற்சியாக முனகினார். "இடத்தைக் குடுத்துட்டா நம்ம காரை எங்க நிறுத்தறது?"

"தியேட்டர் பக்கத்துல பெரிய நிறுத்தம் இருக்கு," என்றாள் ஹலினா. "டிக்கெட் இருந்தா காசு கிடையாது." அதற்குள் அவள் கோட்டு மாட்டி, தொப்பி வைத்து, உதட்டுச் சாயமும் பூசியிருந்தாள்.

படியிறங்கும்போது பக்கத்து வீட்டு கில்ஹூலி அம்மாள் கதவைத் திறந்தாள். அவள் பக்கம் பனியைத் தள்ளிவிட்டார் என்று இரண்டு குளிர்காலமாக லெஷெக்கோடு பேச்சை நிறுத்தியிருந்தவள்.

"லெஷெக்! உங்களைப் பத்தி நான் தப்பா நெனச்சுட்டேன். நாளைக்கு சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்."

"ஐயோ, அதெல்லாம் வேணாம்மா!"

"அடக்கத்தைப் பாருங்க!" என்று அவள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

லெஷெக் காரை வெளியே எடுத்தார். தன் கையாலேயே இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டு, குறுக்கே துடைப்பக் கட்டையை வைத்தார். "இடது பக்கத்து நாற்காலி ஆடும். பாத்து எடுங்க," என்று தியோவிடம் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. தியோ அதை அன்பு என்று எடுத்துக்கொண்டார்.

"மாமியார் ஆறு மணிக்குள்ள கிளம்பிடுவாங்க. அப்புறம் நாற்காலியைத் திரும்பப் போட்டு நானே காவல் இருக்கேன். நிம்மதியா போய்ட்டு வாங்க!"

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கும் பெரியவர் ஹலினாவைப் பார்த்ததும் மலர்ந்தார். "வாங்க, வாங்க! இது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

பெரியவர் லெஷெக்கைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "அப்ப இன்னிக்குக் கோட்டு எங்க உக்காரும்?"

"எந்தக் கோட்டு?" என்றார் லெஷெக்.

"இவங்க கோட்டுதான் சார். எப்பவும் ரெண்டு டிக்கெட் கிழிப்பேன். ஒரு ஆளும் ஒரு கோட்டும் உள்ள போகும். நல்ல ரசிகர் சார் அந்தக் கோட்டு. ஒரு நாள்கூடத் தூங்கினதில்லை."

"இவர் தூங்குவார்," என்றாள் ஹலினா.

இருக்கையில் உட்கார்ந்த பிறகு லெஷெக் மெதுவாகக் கேட்டார். "எப்பவுமே ரெண்டா வாங்கற?"

"ஒருவேளை நீ வந்தாலும் வருவியேன்னு," என்றாள் ஹலினா. சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பைக்குள் தேடினாள்.

 லெஷெக் அவள் கோட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டம் முடியும்வரை அதைக் கீழே வைக்கவில்லை. தூங்கவும் இல்லை.

மேடையில் ஒரு கிழவர் பொம்மை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தன் இன்னொரு காலுறையைத் தேடியது. கறுப்பு உடை போட்ட மூன்று பேர் அதன் தலையையும் கையையும் காலையும் பிடித்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மூன்று பேரும் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டார்கள். கிழவர் மட்டும்தான் இருந்தார். தலையணையைத் தூக்கிப் பார்த்தார். தொப்பிக்குள் பார்த்தார். முன்வரிசைப் பெண்மணியின் மேல் சந்தேகப்பட்டார். லெஷெக்கால் பொறுக்க முடியவில்லை.

"கட்டிலுக்கு அடியில கிடக்கு, பாருய்யா!" என்று கத்திவிட்டார். அரங்கமே சிரித்தது. பொம்மை மெல்லத் திரும்பி, அவரைத் தேடிக் கண்டுபிடித்து, மார்பில் கைவைத்துக் குனிந்து வணங்கியது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து லெஷெக்குக்கு அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை.

வெளியே வரும்போது மறுபடி பனி கொட்டிக்கொண்டிருந்தது. வழி முழுக்க அவர்தான் பேசினார்.

"பாவம் அந்த ஆளு. மூணு பேர் பிடிச்சு ஆட்டறாங்க. தானாவே நடக்கிறோம்னு நெனச்சுக்கிட்டிருக்கு."

"ஆமா, பாவம்," என்றாள் ஹலினா.

"ஹலினா."

"ம்?"

"நல்லவேளை, தியோவோட மாமியார் வந்தாங்க. இல்லேன்னா நான் வந்திருக்கவே மாட்டேன். அந்தம்மாவுக்கு நேர்ல ஒரு நன்றி சொல்லணும்."

ஹலினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெருவுக்கு வந்ததும் லெஷெக் காரை விட்டு இறங்கினார். இடம் பத்திரமாக இருந்தது. அளவுக்கு மேலேயே பத்திரமாக இருந்தது. துடைப்பக் கட்டை வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. நாற்காலிகள் இரண்டிலும் பனி இட்லி மாதிரி உப்பி நின்றது. தரையில் ஒரு சக்கரத் தடம் இல்லை, ஒரு காலடி இல்லை. மத்தியானத்திலிருந்து ஒரு பூனைகூட அங்கே நடக்கவில்லை.

தியோ கதவைத் திறந்து கையாட்டினார். "தோன் லெஷெக்! பொம்மலாட்டம் எப்படி?"

"தியோ, உங்க மாமியார் எங்க?"

"குவாதலஹாராவுல. இந்நேரம் வெயில் காய்ஞ்சுக்கிட்டிருப்பாங்க."

"முழங்கால்?"

"என்னை விட வேகமா ஓடுவாங்க."

"பேரன்?"

தியோ ஹலினாவைப் பார்த்தார். ஹலினா தியோவைப் பார்த்தாள். "அதுக்கு முதல்ல என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகணும், தோன் லெஷெக்," என்றார் தியோ. "தப்பா நெனைக்காதீங்க. வியாழக்கிழமை பனி பிடிச்ச உடனே ஹலினா சொல்லிட்டாங்க, இந்தத் தடவை உங்க சாக்கு கார் நிறுத்தற இடமாத்தான் இருக்கும்னு. மத்ததெல்லாம் சேர்ந்து பேசி வச்சது. சர்ச்சுல சொல்றேன்னது மட்டும் கில்ஹூலி அம்மா சொந்தமா சேத்துக்கிட்டது. நல்லா இருந்துச்சு, இல்ல?"

லெஷெக் கோபப்படப் பார்த்தார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். ஆனால் நாக்கில் கொழுக்கட்டையின் காரம் இன்னும் இருந்தது. பொம்மை வணங்கியது கண்ணுக்குள் இருந்தது. அந்தக் கோட்டும் ஞாபகத்தில் இருந்தது. அவர் நாற்காலிகளை உதறி எடுத்து வைத்தார். காரை நிறுத்தினார். வீட்டுக்குள் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"ஏமாத்தினது தப்பு," என்றார்.

"தப்புதான்," என்றாள் ஹலினா.

"ஆனா நன்றி. நிஜமாவே. இனிமே நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன். இந்த நாடகமெல்லாம் வேண்டாம்."

"நிஜமா வருவியா?"

"சத்தியமா." கொஞ்சம் யோசித்தார். "அடுத்த சனிக்கிழமை மட்டும் வேண்டாம், முக்கியமான மேட்ச் இருக்கு. அதோட இன்னிக்கு அவ்வளவு நேரம் உக்காந்ததுல இடுப்புல ஏதோ..."

"அதுக்கென்ன, வீட்டுலயே இரு," என்றாள் ஹலினா, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி. "ஆனா அன்னிக்குக் காலையிலயே சவரம் பண்ணிக்க. மாடி வீட்டு யூஜின் உனக்கு நன்றி சொல்ல வர்றார்."

"யூஜினா? எதுக்கு நன்றி?"

"இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கார்."