டொக்டரின் முகத்தில் கைலேஞ்சி

ஒரு டொக்டரின் முகத்தைக் கைலேஞ்சியால் மூடியவள் நான். ஒளிக்க ஒன்றுமில்லை, ஒக்லாந்தில் இருக்கிற எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் அவர்கள் சொல்கிற மாதிரி நான் விசரி இல்லை. என் பக்கத்து நியாயத்தை நானே எழுதினால்தான் சரிவரும் என்று பேனையை எடுத்திருக்கிறேன். (மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து. மெதுவாகத்தான் வரும். அவசரமென்றால் அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.)

எனக்குச் சீனி வருத்தம், இரத்தத்தில் சீனி கூட. போன குளிர்காலத்தில் வலது குதிக்காலுக்கு அடியில் ஒரு புண் வந்தது. நோவே இல்லை. அதுதான் பயம். மன்னாரில் என் அண்ணருக்கும் இப்படி நோவில்லாத புண்ணில்தான் தொடங்கியது; கடைசியில் முழங்காலோடு எடுத்தார்கள்.

பாட்டனி டவுன்ஸில் எங்கள் வீட்டிலிருந்து கிளினிக்குக்கு நடந்தே போகலாம். முன்பெல்லாம் முன்மேசைப் பிள்ளையிடம் நோகிற இடத்தைத் தொட்டுக் காட்டி முகத்தைச் சுளித்தால் போதும், கதிரையில் இருத்திவிடுவாள். இந்தமுறை அதே பிள்ளை, ஆனால் கம்பியூட்டரிலிருந்து கண் நிமிரவில்லை. எனக்கு இங்கிலீசு வராது. மகனுக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தேன். இனி எல்லாம் ஆப்பில்தானாம். நேரில் பார்ப்பதென்றால் மூன்று கிழமை, இருபத்தொரு நாள் செல்லுமாம். வீடியோவில் என்றால் நாளைக்கே பார்க்கலாமாம்.

மூன்று கிழமை இந்தக் கால் என்னோடு இருக்குமா என்று யாராவது கேட்டார்களா? இல்லை. பாஸ்வேர்ட் கேட்டார்கள். பாஸ்வேர்ட் மறந்துபோனால் கேட்பதற்கு, முதன்முதலாக வளர்த்த நாயின் பெயரும் வேண்டுமாம். (நாங்கள் அதை நாய் என்றுதான் கூப்பிட்டோம். அதுவும் ஒழுங்காக வந்தது.)

அன்று பின்னேரம் மருமகள் சுபாதான் எல்லாம் செய்து தந்தாள்.

"மாமி, நாளைக்குப் பத்தரைக்கு டொக்டர் வருவா. பச்சை வட்டத்தைத் தொட்டாக் காணும். தமிழ் டொக்டர்தான்."

"எங்கட ஆளோ?"

"இல்லை, இந்தியா. நல்லாக் கதைப்பாவாம். நீங்கள் பவுடர் எல்லாம் பூசத் தேவையில்லை, என்ன?"

டொக்டர் வருவா என்று சொன்னது அவள். வீட்டுக்கு வருகிற டொக்டரை எப்படி வரவேற்பது என்று எனக்குத் தெரியாதா? மறுநாள் மகன் எல்லர்ஸ்லிக்கு வேலைக்குப் போனான், சுபா பிள்ளைகளோடு போனாள். நான் தலைக்கு முழுகி, சேலை கட்டி, பவுடரும் பூசினேன். மகனின் மெத்தைக் கதிரையில் தலையணையை வைத்து, அதில் போனைச் சாய்த்தேன். எனக்கு எதிரே முதுகுச் சாய்ப்பில்லாத பிளாஸ்டிக் ஸ்டூல்.

பத்தரைக்குப் பச்சை வட்டம் வந்தது. தொட்டேன். என் பேத்தி வயதில் ஒரு முகம்.

"வணக்கம் பாட்டி! சாப்பிட்டீங்களா?"

(பாட்டியாம். இருக்கட்டும், சாப்பிட்டீர்களா என்று கேட்ட வாய்.)

"புண்ணைப் பார்க்கணும் பாட்டி. காலைத் தூக்கி, அடிப்பாதத்தை என் முகத்துக்கு நேரா காட்டுங்க."

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "என்ன பிள்ளை கதைக்கிறியள்? தெரியாமல் ஒருத்தரில கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுற ஆக்கள் நாங்கள். ஒரு டொக்டரின்ட முகத்துக்கு நேர உள்ளங்காலைத் தூக்கிறதோ?"

"நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன் பாட்டி."

"நான் நினைப்பன்."

கிளினிக்கில் என்றால் டொக்டர் தானாகக் குனிந்து பார்ப்பார். அது அவருடைய பெருந்தன்மை. நான் காலை அவர் முகத்துக்குத் தூக்குவதும் அதுவும் ஒன்றா? ஆனால் அண்ணரின் கால் நினைவுக்கு வந்தது. காட்டாமலும் விட முடியாது. கொஞ்சம் யோசித்தேன். முகம் துடைக்க இடுப்பில் செருகியிருந்த கைலேஞ்சியை எடுத்து உதறி, மடிப்பெல்லாம் நீவி, போனின் மேல் விரித்தேன். டொக்டரின் முகம் மறைந்தது. பிறகு காலைத் தூக்கினேன்.

"பாட்டி, ஒரே இருட்டா இருக்கு. ஒண்ணும் தெரியல."

"தெரியாதுதான் டொக்டர். உங்கட முகத்தை மூடியிருக்கிறன்."

"ஏன்?"

"காலைக் காட்டுறதுக்கு."

(படித்தவர்களுக்குச் சில விஷயங்கள் உடனே விளங்குவதில்லை.)

கைலேஞ்சி மெல்லியதுதானே, கிட்டப் பிடித்தால் அதற்குள்ளால் தெரியும் என்று நினைத்து, காலை இன்னும் உயர்த்தினேன். ஸ்டூலுக்கு முதுகில்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன். நானும் ஸ்டூலும் ஒன்றாகப் போனோம். போகிற வழியில் சுபாவின் பூச்சாடியும் எங்களோடு வந்தது.

"பாட்டி! என்ன சத்தம்? பாட்டி! கேக்குதா?"

கேட்டது. எலும்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. சேலை மட்டும் ஸ்டூல் காலில் சுற்றி எழும்ப விடவில்லை. ஆனால் ஸ்டூலிலிருந்து விழுந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? மூச்சுக் காட்டாமல் இருந்தால் போனை வைத்துவிட்டுப் போய்விடுவா என்று பேசாமல் கிடந்தேன். கதவைத் தட்டுகிற விற்பனைக்காரர்கள் அப்படித்தான் போவார்கள். டொக்டர் போகவில்லை. அம்புலன்ஸை அனுப்பினா.

பின்கதவால் இரண்டு பேர் வந்தார்கள், கதவு நிறைந்த ஆட்கள். அதில் பெரியவர் முழங்காலில் இருந்தார். ஆப் இல்லை, பாஸ்வேர்ட் இல்லை, நாயின் பெயர் இல்லை. என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, டோர்ச் அடித்துப் பார்த்தார். அரை நிமிஷம். புண்ணுக்குள் முறிந்த ஊசித் துண்டு ஒன்று மினுங்கியதாம். சேலைக்கு ஓரம் தைத்த ஊசி! எத்தனை நாள் அதன்மேல் நடந்தேனோ, தெரியாது.

ஆஸ்பத்திரியில் அதை எடுத்தார்கள். இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் பாதம் மிஞ்சியிராது என்று மகனிடம் சொன்னார்களாம். கிளினிக்கில் எனக்குத் தரவிருந்தது மூன்று கிழமை!

இப்போது மாதம் ஒருமுறை ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருகிறாள். என் கால்விரல்கள் தரையில், குதி மட்டும் கொஞ்சம் மேலே. அவள் குனிந்து போனைக் காலடியில் பிடிக்கிறாள். அதே டொக்டர் போனோடு கீழே இறங்கி வந்து பார்க்கிறா.

"இப்ப மரியாதை சரியா பாட்டி?"

"ஓம், இப்ப சரி." (இதை முதலே செய்திருக்கலாம்தானே?)

வீட்டில் மட்டும் எனக்கு விடுதலை இல்லை. கனடாவிலிருந்து வீடியோ வந்தால் போதும், "வெயிட், வெயிட், அப்பம்மா காலைத் தூக்கப் போறா!" என்று பேரப்பிள்ளைகள் ஓடிவந்து போனில் டிஷ்யூவைப் போடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் என் தங்கச்சி, "அக்கா, மூடிட்டியளோ? நான் கண்ணைத் திறக்கலாமோ?" என்று கேட்கிறாள்.

சிரிக்கட்டும். நான் விழுந்தபடியால் ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். விழாமல், ஒழுங்காக ஸ்டூலில் இருந்து பச்சை வட்டத்தைத் தேடுகிற மற்ற ஆச்சிமாருக்கு யார் குனிகிறது?