ஒன்பதே கால் டீ

மணி எட்டு ஐம்பது. அடுப்பில் பால் திரிந்துபோயிருந்தது. டைம்கீப்பர் பாத்திரத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

பேருந்துப் பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் வண்டிகள் கிளம்பும் நேரத்தைக் குறித்தவர். ஆள்தான் ஓய்வு பெற்றார், பெயர் ஓய்வு பெறவில்லை.

"ஒன்பதே காலுக்கு ரெண்டாவது டீ. பத்தரைக்குப் பரீட்சை. இன்னிக்குப் போய் இப்படிப் பண்ணிட்டியே!"

"பாலு திரிஞ்சா நான் என்ன பண்ணுவேன்? ஒரு வேளை குடிக்காட்டி மூளை ஆவியாப் போயிடுமா?" என்றாள் மனைவி.

போய்விட்டால்? வயதானவர்களுக்கு டீ குடித்தால் ஞாபகசக்தி கூடுமா என்று மருத்துவமனையில் ஆறு மாத ஆராய்ச்சி. அதில் பெயர் கொடுத்த நாள் முதல் மனிதர் ஒரு வேளை தவறவிடவில்லை. ஒரு நாளைக்கு நாலு டீ. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் நேரம் போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார். இன்றைக்குக் கடைசிப் பரீட்சை.

அவர் மானமே அதில்தான் இருந்தது. போன வருடம் பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரப் போனவர், பேத்தியின் பையை மட்டும் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்த்தார். அன்றோடு மகன் அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டான். "முப்பதுக்கு இருபத்தேழு எடுங்கப்பா, பாப்பாவை மறுபடி உங்ககிட்ட விடறேன்" என்று சொல்லியிருந்தான்.

முனைக் கடைக்கு ஓடினார். கிளாஸைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது.

"என்னப்பா இது, வீட்டு டம்ளர்ல பாதிதான் இருக்கும்போல! இன்னொண்ணு போடு."

அதையும் குடித்து முடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்பது இருபத்தைந்து. பத்து நிமிடம் லேட்! ஒரு வண்டியைக்கூட லேட்டாக விடாத மனிதர். தனக்குத்தானே மெமோ கொடுத்துக்கொண்டு, பரிகாரமாக மூன்றாவதையும் குடித்தார்.

போகிற வழியில் பணிமனை கேன்டீன். பழைய கண்டக்டர்கள் மூன்று பேர் வளைத்துக்கொண்டார்கள்.

"பரீட்சைக்குப் போற மனுஷனை வெறும் வாயோட அனுப்பறதா? உட்காரும்யா!"

ஒருவர் டீயைக் குடித்துவிட்டு இன்னொருவர் டீயை வேண்டாம் என்றால் மனஸ்தாபம். மூன்றையும் குடித்தார்.

மருத்துவமனை வாசலில் மகன் காத்திருந்தான். "ஏம்பா இப்படி நெளியறீங்க? பயமா?"

"பயமாவது மண்ணாவது! முதல்ல இங்க பாத்ரூம் எங்கடா?"

"அப்புறம் போலாம்பா, உங்க நம்பரைக் கூப்பிட்டாச்சு."

உள்ளே நர்ஸ் நிதானமாகக் காகிதங்களை அடுக்கினாள். "ஐயா, நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சுச் சொல்லுங்க பார்ப்போம்."

"தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரெண்டு, அறுபத்தஞ்சு... போதுமாம்மா? அடுத்ததைக் கேளு, சீக்கிரம்!"

தேதி, கிழமை, கடிகாரப் படம் எல்லாம் மின்னல் வேகத்தில் முடிந்தன. கடைசியாக, ஆரம்பத்தில் சொன்ன ஐந்து வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாலை எழுந்து நின்று ஒப்பித்தார். ஐந்தாவது வார்த்தை, கதவுக்கு வெளியிலிருந்து கேட்டது.

முகம் தெளிந்து அவர் திரும்பி வந்தபோது நர்ஸ் மதிப்பெண்ணைக் கூட்டி முடித்திருந்தாள். "இருபத்தொன்பது! இவ்வளவு வேகமா இதுவரைக்கும் யாருமே சொன்னதில்லைங்கய்யா!"

கூடவே உள்ளே வந்திருந்த மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைலேர்ந்து பாப்பாவை நீங்களே கூட்டிட்டு வாங்கப்பா."

டைம்கீப்பருக்குப் பெருமை பிடிபடவில்லை. நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "நல்லாப் பாரும்மா. ஆறு மாசம், ஒரு நாளைக்கு நாலு டீ, ஒரு வேளை விடல. இந்த மூளையோட ரகசியமே இதுதான்!"

நர்ஸ் நோட்டைப் புரட்டினாள். அவருடைய ஃபைலை எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் நோட்டைப் பார்த்தாள்.

"ஐயா, நீங்க டீ குடிக்காதவங்க குரூப்பாச்சே! ஆறு மாசம் டீயைக் கையாலகூடத் தொட மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களே... மறந்துட்டீங்களா?"