பனைக்கண்மாய்ப் பாலைவனம்

ஆண்டவன் படைத்த பாலைவனங்களில் குறைகள் மலிந்து கிடக்கின்றன. எங்கோ கண்காணாத தேசத்தில் இருக்கின்றன, ரயில் போகாது, தங்குவதற்குச் சத்திரம் கிடையாது, போனவன் திரும்பி வருவான் என்பதற்கு உத்தரவாதமும் கிடையாது. இந்தக் குறைகளில் ஒன்றுகூட இல்லாத உத்தமமான பாலைவனம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மதுரை ஆரப்பாளையத்துக்கு மேற்கே ஆறு மைலில், பனைக்கண்மாய் என்ற ஊரில் இருந்தது. அதை ஆண்டவன் படைக்கவில்லை, சர்க்கார் படைத்தது. வேலை அவ்வளவு சுத்தமாக இருந்ததற்கு அதுவே காரணம்.

படைத்த விதம் ரொம்ப எளிமை. அந்த ஊர்க் கண்மாய்க்கு ஆற்று வாய்க்காலிலிருந்து தண்ணீர் விட மடை ஒன்று உண்டு. 1926-ல் ஒரு பேய்மழையில் அது இடிந்து, கல்லும் காரையுமாகச் சரிந்து வழியை அடைத்துக்கொண்டது. சர்க்கார் அதன்மேல் கை வைக்கவில்லை. சர்க்கார் மடையாச்சே, வேறு எவனாவது ஒரு கல்லைத் தொட்டால் ஆறு மாசம் உள்ளே! இந்த இரண்டு ஏற்பாடுகளும் கைகோத்துப் பதினோரு வருஷம் பாடுபட்டு, எழுபது ஏக்கர் கண்மாயைப் பொட்டலாக்கிக் காட்டின.

நல்லகாமனுக்கு அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் மூன்று ஏக்கர். வருஷத்துக்கு ஒன்று என்று பத்து மனுப் போட்டிருந்தான். பத்திலும் ஒரே வரிதான்: 'மடை இடிந்துவிட்டது, கட்டித் தர வேண்டும்.' பதில் வரவில்லை. நியாயம்தானே? இப்படி மொட்டையாகச் சொன்னால் எந்த ஆபீசுக்குத்தான் புரியும்?

1937-ல், மாசி மாசத்தில், அவன் கோரிப்பாளையத்துக்குப் போய் அப்துல் வஹீது ராவுத்தரைப் பிடித்தான். ராவுத்தர் மனு எழுதிக் கொடுப்பவர். அவர் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தாசில்தார் மூக்கைச் சிந்தினார் என்று ஊரில் பேர். சளி என்று சொல்கிற பொறாமைக்காரர்களும் உண்டு.

"பத்து மனுவும் பச்சத்தண்ணி, மாப்ள" என்றார் ராவுத்தர். "மடை இடிஞ்சுபோச்சுன்னு எழுதுனா எவன் அசைவான்? படிக்கிறவனுக்கு நாக்கு வறளணும். ரெண்டு வரியில தண்ணி தண்ணின்னு அலறணும்."

"அப்படியே எழுதுங்க ராவுத்தரே. எம்புட்டு வறண்டாலும் சரி. மடை வந்தாப் போதும்."

ராவுத்தர் கண்ணை மூடித் திறந்து எழுதினார்: 'மகாகனம் பொருந்திய துரையவர்கள் சமூகத்துக்கு. அடியேங்கள் கண்மாயானது பாலைவனமாய்விட்டது. அரபு தேசத்துப் பாலையும் இதற்கு முன் பூந்தோட்டம். மீன் துள்ளிய இடத்தில் துஷ்டமிருகங்கள் துள்ளுகின்றன. பட்ட மரங்கள் பிரேதங்களாய் நிற்கின்றன. ஒரு தரம் கண்டோர் ஆயுசுக்கும் மறவார்.' எழுதி முடித்தபோது காகிதம் தீர்ந்துபோயிற்று. மடை விஷயத்தை ஓரத்தில் பொடி எழுத்தில் சேர்த்தார்.

ஒன்பதாம் நாள் பதில் வந்துவிட்டது! 'நேரில் பார்வையிட வருகிறோம்.'

வருகிறவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டும். நகரத்தில் அப்போது 'யாத்ரீகர் சௌகரிய அபிவிருத்திக் கமிட்டி' என்று ஒன்று மும்முரமாக இயங்கிக்கொண்டிருந்தது. அதன் காரியதரிசி ராவ்பகதூர் கண்ணுச்சாமி. வெள்ளைக்கார யாத்ரீகர்களுக்காக 'பார்த்தே தீர வேண்டிய காட்சிகள்' என்று ஒரு கைப்புத்தகம் அச்சிடுவது கமிட்டியின் லட்சியம். ஆறு காட்சிகள் சேர்ந்திருந்தன. அந்தச் சமயம் பார்த்து ராவ்பகதூர் கையில் ஒரு படப்புத்தகம் சிக்கியது. ஆப்பிரிக்காவின் தென்பக்கத்தில் ஏதோ ஒரு பாலைவன தேசமாம். சிவந்த மணல் குன்றுகள், வறண்ட பள்ளத்தில் பட்ட மரங்கள், நெருப்புக்கோழி, கொம்பு நீண்ட மான். அதைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போகிறார்களாம்.

"கோவிலும் குன்றும் எந்த ஊரில் இல்லை?" என்று ராவ்பகதூர் கமிட்டியைக் கேட்டார். "நம்மிடம் வனவிலங்குடன் கூடிய ஒரு பாலைவனம் உண்டா?"

கமிட்டி வெட்கித் தலைகுனிந்தது. அந்த அவமானத்தின் நடுவில்தான் ராவுத்தரின் மனு மேஜை மாறி மேஜை மாறி அங்கே வந்து விழுந்தது.

ராவ்பகதூர் வந்து இறங்கிய அன்று நல்லகாமனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு அதிகாரி!

"மடை எந்திரிச்சிரும்டி!" என்றான் மனைவி இருளாயியிடம்.

"வந்தவரு கையில படப்புத்தகமுல்ல இருக்கு" என்றாள் இருளாயி. "கூட வந்தவன் குடை புடிச்சுக்கிட்டு நிக்கிறான். மடை கட்ட வந்த ஆளுக மாதிரியா தெரியுது?"

குடை பிடித்தவன் சேவகன் மலையாண்டி. வெள்ளைக் குடை. ராவ்பகதூர் அதன் நிழலில் கண்மாய்க்குள் இறங்கி, படப்புத்தகத்தை விரித்து, ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்.

"மணல் குன்று?"

"வண்டல் மேடு இருக்கு எசமான்."

"செங்குன்று ஒன்று" என்று எழுதிக்கொண்டார். "பட்ட மரம்?"

"கருவேல மரம் முப்பது நிக்குது. தண்ணியில்லாமப் பட்டுப்போச்சு. அந்த மடைய மட்டும்—"

"அற்புதம்! அச்சு அசல்! எத்தனை வருஷமாக இந்த வறட்சியைக் கட்டிக் காத்து வருகிறீர்கள்?"

"பதினோரு வருசமா எசமான்."

"சபாஷ்! வனவிலங்கு?"

"உடும்பு கெடக்கு, நரி வரும்" என்றாள் இருளாயி. "மத்தபடி இந்தா நிக்கிறாரே, எங்க வீட்டுக்காரரு. இவருதான்."

அந்தச் சமயத்தில் நல்லகாமனின் சல்லிக்கட்டுக் காளை வெள்ளைக் குடையைப் பார்த்துவிட்டது. அது குடையை ஜென்மத்தில் பார்த்ததில்லை. தலையைத் தாழ்த்தி ஒரு மூச்சு விட்டது. அடுத்த நிமிஷம் மலையாண்டி பக்கத்து ஊர் எல்லையில் இருந்தான். ராவ்பகதூர் ஒரு கருவேல மரத்தின் உச்சியில் இருந்தார். ஐம்பத்தைந்து வயசு, மூன்றடுக்கு வயிறு, மரம் பூராவும் முள். எப்படி ஏறினார் என்று அந்த ஊரில் இன்றைக்கும் ஆச்சரியப்படுகிறார்கள். காளை மரத்தடியில் கால் மாற்றி நின்றுகொண்டது.

நல்லகாமன் பதறி ஓடினான். இருளாயி அவன் துண்டைப் பிடித்து நிறுத்தினாள். "பொறுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"எசமான், மடையக் கட்டித் தாரேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே காளையப் புடிச்சிருவோம்."

முள் குத்தாத இடம் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. வேறு யாராக இருந்தாலும் மடை என்ன, அணையே கட்டித் தருகிறேன் என்று சத்தியம் செய்திருப்பார்கள். ராவ்பகதூர் அப்பேர்ப்பட்டவர் அல்லர்.

"மடை என் இலாகா இல்லை" என்றார்.

"உங்க இலாகா என்னங்க?"

"காட்சி!"

"அப்பச் சரி. இருந்து நல்லாப் பாருங்க" என்று இருளாயி வீட்டுக்குப் போய்விட்டாள்.

நல்லகாமனுக்கு மனசு கேட்கவில்லை. காளையைப் பிடித்துக் கட்டி, அவரை இறக்கி, முள்ளெல்லாம் எடுத்துவிட்டான். கோபத்தில் கொதிப்பார் என்று பயந்தான். அவரோ இறங்கியதும் பென்சிலைத் தேடினார். 'காட்டெருமை ஒன்று. தரிசனம் நிச்சயம்' என்று எழுதினார். வண்டியேறும்போது, "கவலைப்படாதே, நான் பலமாகச் சிபாரிசு செய்கிறேன்" என்று அவன் தோளைத் தட்டினார். எதை என்று அவர் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை.

சிபாரிசு பலித்தது. வைகாசியில் கண்மாய்க் கரையில் ஒரு பலகை முளைத்தது. 'பாலைவனம். காட்சி எண் 7. இதனுள் தண்ணீர் கொண்டுபோதல், சிந்துதல், எச்சில் துப்புதல் கூடாது.' பலகையடியில் மலையாண்டி உட்கார்ந்திருந்தான். அவன் இப்போது சேவகன் அல்ல, 'பாலைவனப் பாதுகாவலர்'.

இருளாயி இடுப்பில் குடத்துடன் வந்தாள். மலையாண்டி எழுந்து மறித்தான்.

"தளும்புது தாயி. கரையச் சுத்திப் போங்க."

"ஏண்டா, குடத்தத் தூக்கிக்கிட்டு ஒரு மைலு சுத்தணுமாடா?"

"என்னைய என்ன செய்யச் சொல்றீக? நேத்து மாயக்கா சிந்துன எடத்துல இன்னைக்குப் புல்லு மொளச்சிருச்சு. யாருக்கும் தெரியாமப் புடுங்கிப் போட்டேன். மேல தெரிஞ்சா என் வேலை போயிரும்."

நல்லகாமன் தலைதெறிக்கக் கோரிப்பாளையத்துக்கு ஓடினான். "மடையக் கேட்டா பலகைய நட்டு வச்சிட்டாகளே ராவுத்தரே!"

ராவுத்தர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் முகத்தில் ஒரு பெருமை தெரியத்தான் செய்தது. "என் எழுத்துக்கு இம்புட்டு வலு இருக்கும்னு அல்லா சத்தியமா எனக்கே தெரியாது மாப்ள." இரண்டு பேரும் உட்கார்ந்து பன்னிரண்டாவது மனுவை எழுதினார்கள். 'பாலைவனம் இல்லை. மடை இடிந்துவிட்டது, கட்டித் தர வேண்டும்.' அதற்குப் பதில் வரவில்லை.

ஆவணியில் நல்லகாமன் கிணற்றை நம்பி நாற்றங்கால் விதைத்தான். புரட்டாசியில் கிணறு கைவிட்டது. அந்த வாரம் பார்த்து ஆற்று வாய்க்காலில் கரை தளும்பத் தண்ணீர் போனது. இடிந்த மடைக்கு அந்தப் பக்கம் அது சலசலவென்று ஓடுவது இவன் வரப்பில் நின்றாலே கேட்டது. இந்தப் பக்கம் நாற்று மஞ்சள் தட்டிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு நாள் தாங்காது. இருந்த விதைநெல் அத்தனையும் அதில்தான் கிடந்தது.

"கடப்பாரைய எடுக்கிறீகளா, இல்ல நாத்த அறுத்துக் காளைக்குப் போடவா?" என்று கேட்டாள் இருளாயி.

"ஆறு மாசம் உள்ள தள்ளிருவாகடி."

"இங்க உக்காந்து பட்டினி கெடக்குறதுக்கு அங்க களியாச்சும் ஊத்துவாக."

பட்டப்பகலில், ஊரே பார்க்க, நல்லகாமன் கடப்பாரையுடன் போனான். முதல் கல்லைப் புரட்டியபோது அவன் தனியாள். பத்தாவது கல்லுக்கு ஊர் முழுக்க அங்கே இருந்தது. பாலைவனப் பாதுகாவலர் பனைமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, "நான் எதையும் பாக்கல" என்று சத்தமாக அறிவித்துக்கொண்டிருந்தார். கடைசிக் கல் அசைய மறுத்தபோது அவரும் வந்து ஒரு கை பிடித்தார். கேட்டதற்கு 'மேற்பார்வை' என்றார்.

தண்ணீர் வந்தது. பதினோரு வருஷத் தண்ணீர். நல்லகாமன் முழங்கால் நனைய நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். நாலே நாளில் நாற்று பச்சை கட்டிவிட்டது. கொக்கும் நாரையும் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து இறங்கின.

ஐந்தாம் நாள் ராவ்பகதூர் தமது முதல் யாத்ரீகர்களுடன் வந்தார். ஒரு துரை, ஒரு துரைசாணி. கையில் புத்தம்புதுக் கைப்புத்தகம், ஏழாம் பக்கம் திறந்தபடி. கரையேறிப் பார்த்த ராவ்பகதூர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பாலைவனத்தில் அலையடித்தது. செங்குன்றின்மேல் வாத்து உட்கார்ந்திருந்தது. காட்டெருமை கண்ணை மூடிக் குளித்துக்கொண்டிருக்க, இருளாயி அதற்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

துரைசாணி ஆனந்தமாகக் கையைத் தட்டினாள்.

"மன்னிக்க வேண்டும், அம்மணி" என்றார் ராவ்பகதூர் தழுதழுத்த குரலில். "இது தற்காலிகத் தண்ணீர். கூடிய சீக்கிரம் அப்புறப்படுத்திவிடுகிறோம்."

வழக்குப் போட்டார்கள். 'அச்சிடப்பட்ட பாலைவனம் ஒன்றை முன்யோசனையுடன் நனைத்தது' என்பது குற்றம்.

"கூட யார் யார் இருந்தார்கள்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"நான் ஒருத்தந்தான் சாமி. அது பாலைவனமில்ல, எங்க கண்மாயி."

மாஜிஸ்திரேட் கைப்புத்தகத்தைப் புரட்டினார். "பாலைவனம் என்று அச்சாகியிருக்கிறதே."

"மழை பேஞ்சு ரொம்பியிருந்தா என்ன சாமி செஞ்சிருப்பீக?"

"மழையைக் கைது செய்யச் சட்டத்தில் இடமில்லை. உன்னைக் கைது செய்ய இருக்கிறது."

தீர்ப்பில் கருணை பொங்கியது. ஜெயில் இல்லை. பாலைவனத்தைச் சர்க்கார் உடனே பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியது. குற்றவாளி வேலை முடியும்வரை கூட இருந்து கல் சுமக்க வேண்டியது.

மறுநாள் விடிந்ததும் பனைக்கண்மாயில் சர்க்கார் வந்து குவிந்துவிட்டது. எஞ்சினீயர் ஒருவர், ஓவர்சீயர் இருவர், கொத்தனார்கள் பன்னிரண்டு பேர், கூலியாட்கள் நாற்பது பேர். திருப்பரங்குன்றத்துப் பக்கமிருந்து வண்டி வண்டியாகக் கருங்கல் வந்தது. சுண்ணாம்பு அரைக்கச் செக்கு வந்தது. கண்மாயை ஒரு பக்கம் வெட்டிவிட்டு, இருந்த தண்ணீரைச் சொட்டு விடாமல் ஆற்றுக்கே திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு பக்கம் மடைவாயை அடைத்துச் சுவர் எழும்பியது. ஒருத்தன் சோம்பி உட்காரவில்லை. ஒரு காகிதம் மேஜை மாறவில்லை. 'என் இலாகா இல்லை' என்று ஒரு குரல்கூடக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிட்டது.

வயலில் நாற்று மறுபடி மஞ்சள் தட்ட ஆரம்பித்திருந்தது. நல்லகாமன் கடைசிக் கல்லை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தான். ஒரு விரிசல் இல்லை. நூல் பிடித்தாற்போல் இருந்தது. காதை வைத்துக் கேட்டான். அந்தப் பக்கத்துத் தண்ணீர்ச் சத்தம்கூடக் கேட்கவில்லை. திரும்பி எஞ்சினீயரை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏஞ்சாமி, உங்களுக்கெல்லாம் ஒரு கல்லுக்கூட வைக்கத் தெரியாதுன்னுல்ல பதினோரு வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன்! இம்புட்டு நல்லா வேலை செய்யத் தெரியுமா உங்களுக்கு?"