பங்கு கேட்ட பர்மாக்காரர்

தன்னைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லிப் போலீஸ்காரரைக் கெஞ்சிய மனிதர் இந்தப் பூலோகத்திலேயே எங்கள் பர்மா ஒருவர்தான். நிஜப் பெயர், அவருக்கு மனு டைப் அடித்த எனக்கே மறந்துபோச்சு. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் தள்ளுவண்டியில் அத்தோ போடுவார். அத்தோ என்றால் பர்மா நூடுல்ஸ். கோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணியும் விட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பது.

சின்ன வயசில் அப்பாவோடு பர்மாவிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தவர். அப்பா வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், அகதி கார்டு, எதுவும் கிடையாது. தலை நரைத்த பிறகும் சட்டப்படி அவர் எந்த நாட்டிலும் இல்லை.

"ஐயா, என்னப் புடிச்சி உள்ள போடுங்க. அந்தக் கேசு பேப்பர்லயாவது என் பேரு இருக்கும்" என்பார் ஏட்டய்யாவிடம்.

"உன்ன உள்ள போட்டா எனக்கு இத யாரு பிசைவா? கம்முனு இரு" என்பார் ஏட்டய்யா, வாய் நிறைய அத்தோவோடு.

புதுசாக வந்த இன்ஸ்பெக்டர் அத்தோ சாப்பிடாதவர். "ஒரு மாசத்துல பேப்பர் காட்டணும். இல்லேன்னா பர்மாவுக்கே அனுப்பிடுவோம்" என்றுவிட்டார். அங்கே அவரைத் தெரிந்த ஈ காக்கா இல்லை. பர்மா பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தாலுகா ஆபீஸ் எதிரே இருந்த என் டைப் கடையில் ஆளாளுக்கு வக்கீல் ஆனார்கள். உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொள் என்றார் ஒருவர். "கார்டே இல்லாதவனுக்கு எவன் சார் பொண்ணு குடுப்பான்?" என்றார் பர்மா. கடைசியில் நிஜ வக்கீல் ஒருவர் வழி சொன்னார். தாத்தா இந்த மண்ணில் பிறந்தவர் என்று சொந்தக்காரர்கள் வி.ஏ.ஓ. முன்னால் சாட்சி சொன்னால், குடியுரிமைக்கு மனுப் போடலாம்.

சொந்தம் பக்கத்திலேயே மானாம்பதி கிராமத்தில் இருந்தது. பெரிய பங்காளி ஏகாம்பரம் ஒரே பிடியாக நின்றார். "எங்க வம்சத்துல கப்பலேறினவன் எவனும் கெடியாது." பங்காளி என்று வாய்விட்டுச் சொன்னால் நாளைக்கே நிலத்தில் பங்கு கேட்பானே என்ற பயம் அவருக்கு.

அந்தப் பயத்தைத்தான் பர்மா பிடித்துக்கொண்டார். வி.ஏ.ஓ.வையும் என்னையும் அழைத்துக்கொண்டு ஏகாம்பரத்தின் களத்துமேட்டுக்கே போய், ஊர் பார்க்க, "எங்க தாத்தா பங்கப் பிரிச்சிக் குடுங்க" என்றார்.

ஏகாம்பரத்துக்கு வந்ததே கோபம். "இன்னாடா பங்கு? உன் தாத்தன் அவன் பங்க எங்க தாத்தாகிட்ட வித்துட்டுத்தானே ரங்கூனுக்குக் கப்பலேறினான்? ஊருக்கே தெரியும், கேட்டுப் பாரு." சுற்றி நின்ற பெரியவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

பர்மா நிதானமாக வி.ஏ.ஓ. பக்கம் திரும்பினார். "எனக்கு நெலம் வாணாம் சார். அவரு இப்பச் சொன்னத அப்பிடியே எய்திக்கோங்க."

ஊரே கேட்டுவிட்ட பேச்சை மாற்ற முடியாமல் ஏகாம்பரம் திருதிருவென்று விழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மனு போய்விட்டது என்று தெரிந்ததும் இன்ஸ்பெக்டரும் விட்டுவிட்டார். மனு காஞ்சிபுரம், சென்னை, டெல்லி என்று வருஷக்கணக்கில் ஊர் சுற்றியது.

இதற்கு நடுவில் ஏகாம்பரத்தின் சித்தப்பா இறந்துபோனார். சாவுச் சேதி சொல்ல பங்காளி வீடுகளுக்கெல்லாம் போன ஆள், பஸ் ஸ்டாண்டுக்கும் வந்து பர்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். கருமாதி முடிந்து திரும்பியவருக்கு மீசையைக் காணோம்.

"பங்காளின்னா எடுக்கணும்ல சார்" என்று வெறும் உதட்டைத் தடவித் தடவிச் சிரித்தார்.

டெல்லியிலிருந்து பேப்பர் வந்த அன்றைக்குக்கூட மனுஷன் அப்படிச் சிரிக்கவில்லை. எனக்குப் பிடித்த பர்மா, அந்த மீசையில்லாத பர்மாதான்.