நேர்த்திபுரத்தில் கயிறு அகற்றப்பட்ட வரலாறு

நேர்த்திபுரம் என்றொரு நாடு இருந்தது. அதன் அரண்மனைச் சுவரில் ஒரு காலத்தில் கயிறு ஓடியது. கண் தெரியாதவர்களும் கை நடுங்குபவர்களும் அதைப் பற்றிக்கொண்டே நடப்பார்கள். கதவுக்குக் கதவு ஒரு முடிச்சு. முடிச்சைத் தொட்டால், வாயிற்காவலன் அந்த மண்டபத்தின் பெயரை உரக்கச் சொல்லிக் கதவைத் திறப்பான்.

திகழ்வேந்தர் அரியணை ஏறியதும், அழகுத்துறை அமைச்சர் சொக்கநாதப் பெருந்தகை கயிற்றைக் கண்டு முகம் சுளித்தார்.

"வேந்தே, சுவரின் வனப்பு கெடுகிறது. காவலர்கள் கத்துவதால் வெளிநாட்டுத் தூதர்களுக்குத் தலைவலி."

கயிறு எரிக்கப்பட்டது. காவலர்களின் வாய்க்குத் தடை வந்தது. கதவுகளின் உச்சியில் சிறு தாமரைகள் வரையப்பட்டன. பித்தளைக் கோலால் தாமரையைக் குறி தவறாமல் சுட்டினால், உள்ளிருந்து துளைவழி பார்க்கும் காவலன் பேசாமல் கதவைத் திறப்பான். விரலளவு விலகினாலும் திறக்கமாட்டான்.

ஓராண்டு கழித்து அமைச்சர் அறிக்கை வாசித்தார்: "இவ்வாண்டு பார்வையற்றவர் ஒருவர்கூட அரண்மனைக்குள் வரவில்லை. ஆகவே நாட்டில் அப்படி எவரும் இல்லை." அவை கைதட்டியது. வேந்தர் கண் கலங்கினார்.

அதே மகிழ்ச்சியில் அடுத்த சட்டம் பிறந்தது. பங்குனி கடைசி நாள் சூரியன் மறைவதற்குள் ஒவ்வொருவரும் அரண்மனையிலுள்ள இருப்போர் மண்டபத்துக்குள் போய் "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர் இறந்தவர். இறந்தவருக்கு அரிசி கிடையாது, வீடு கிடையாது. அவரோடு பேசுபவருக்குச் சிறை.

அந்தக் கடைசி நாள் பிற்பகலில், பார்வையில்லாத மாரக்காள் வெறும் சுவரைத் தடவித் தடவித் தோற்று, அரண்மனை வாசலில் நின்று கும்பிட்டாள். வேந்தரும் அமைச்சரும் அங்கே பவனிக்காகக் காத்திருந்தார்கள்.

"மகராசா, நான் மாரக்காள், உசுரோடத்தான் இருக்கேன். இங்கயே சொல்லிடுறேன், கேட்டுக்குங்க."

"இங்கே சொன்னால் செல்லாது. மண்டபத்தில் சொல்ல வேண்டும்" என்றார் அமைச்சர். "நானே இனிமேல்தான் போய்ச் சொல்ல வேண்டும். வழி அத்தனை எளிது. கண்ணைக் கட்டிவிட்டால்கூட நான் போய்விடுவேன். சென்ற மாதம் கட்டிக்கொண்டு போயே காட்டினேன்."

அன்று கட்டிய துணியை மடியிலிருந்து எடுத்துக் கண்ணில் கட்டியும் காட்டினார். மாரக்காள் கையை நீட்டி அதைத் தடவிப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, இது கொசுவலையில்ல?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு, உடனே இருமினார்கள். வேந்தருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. தம் பட்டுச் சால்வையை நான்காக மடித்து அமைச்சரின் கண்ணைத் தாமே இறுக்கிக் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து முத்திரையிட்டார்.

"போய் வாரும். அந்த அம்மாளையும் அழைத்துப் போம்."

உள்ளே போனதும் அமைச்சர் கோலை உயர்த்திச் சுட்டினார். எதுவும் திறக்கவில்லை. இடப்பக்கம் சுட்டினார், வலப்பக்கம் சுட்டினார். கதவுகளுக்குப் பின்னால் காவலர்கள் மூச்சு விடுவது கேட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"டேய், நான் சொக்கநாதன்! இது எந்த மண்டபம்?"

"அவுக பேச மாட்டாக சாமி. பேசினா நாக்கு போயிரும்."

"யார் சொன்னது?"

"நீங்கதான்."

அமைச்சர் மறுபடி கோலை உயர்த்திச் சுட்டினார்.

"கட்டை அவுத்துடுங்க சாமி, பொழுது சாயுது. சுவத்துல வெயில் சூடு ஆறிப்போச்சு. உங்க கண்ணு தெரிஞ்சா ரெண்டு பேருமே பொழச்சுக்குவோம்."

அமைச்சரின் கை முடிச்சுவரை போனது. அரக்கில் விரல் பட்டதும் நின்றது. அரச முத்திரையை உடைத்தால் தலை போகும். அந்தச் சட்டத்தை எழுதியவரும் அவர்தான்.

"மாரக்காள்... என் கையை விட்டுவிடாதே" என்றார்.

வெளியே முரசு அதிர்ந்தது. சூரியன் மறைந்திருந்தது.

உள்ளிருந்து சுவரை அறையும் ஓசையும், "இருக்கேன்! இருக்கேன்!" என்று இரண்டு குரல்களும் வந்தன. வேந்தர் காவலனைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரது?"

"அமைச்சரும் அந்தப் பொம்பள..." காவலன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "காத்துங்க, மகாராஜா."

"பலத்த காற்று. சுவரை இன்னும் கனமாக எழுப்புங்கள்."

எல்லாரும் தலையாட்டினார்கள். வேந்தர் அரியணைக்குத் திரும்பி அமர்ந்தார். கண்ணை ஒருமுறை கசக்கினார். மறுபடியும் கசக்கினார்.

"விளக்கு ஏன் இப்படி மங்கலாக எரிகிறது?"

அவையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எண்ணெய் மட்டமான எண்ணெய், மகாராஜா" என்றது ஒரு குரல்.

விளக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.