சம்பந்தியாருக்குத் துடுப்பாட்டம் வராது

ஏவன்டேல், ஆக்லாந்து
8.6.1986

அன்புள்ள மச்சான் விநாயகமூர்த்திக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீரும் குடும்பமும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக. எனக்கு ஒரு கிழமையாகச் சோறு இறங்கவில்லை.

உம்முடைய மருமகள் நளாயினி தானாகவே ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டாள். பெயர் டேனியல், எல்லர்ஸ்லியில் அவளுடைய கந்தோரில்தான் வேலை. வெள்ளைக்காரப் பெடியன் என்பதை ஒருவாறு விழுங்கிவிட்டேன். ஆனால் குடும்பத்தை விசாரிக்காமல் பெண் கொடுக்கலாமா? ஊரிலென்றால் தபால்காரரிடம் கேட்கலாம், கோயிலில் கேட்கலாம். பெடியனின் தகப்பன் வால்டரோ அமெரிக்கர். ஐம்பதுகள் முடியும்வரை அங்கே சம்பளத்துக்குப் பேஸ்போல் ஆடி, பந்து எறிபவராக இருந்து, பிறகு இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி இங்கே குடியேறியவர். அவரைப் பற்றி யாரிடம் விசாரிப்பது? நானும் உம்முடைய சகோதரி இராசமலரும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நளாயினியையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனோம்.

போனால், மனிதரின் பதின்மூன்று வருட ஆட்டம் முழுவதும் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. பந்து எறிந்த சராசரி மூன்று தசம் எட்டு. மச்சான், கல்லூரி அணியில் நீரும் நானும் விக்கெட்டுக்கு இருபது ஓட்டம்தான் கொடுத்தோம் என்றதற்கே தலைகால் தெரியாமல் ஆடினோமே! எனக்கு எழுந்து கும்பிடத் தோன்றியது. அதற்குக் கீழே துடுப்பாட்டச் சராசரி: பூச்சியம் தசம் ஒன்று பூச்சியம் எட்டு. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், மாறவில்லை. முழுசாக ஓர் ஓட்டம்கூட இல்லை!

"அப்பா, அது ஓட்டக் கணக்கில்லை. நூறு தரம் அடிக்கப் போனா பத்துப் பதினொரு தரம் சரியா அடிச்சிருக்கிறார் எண்டு அர்த்தம்," என்றாள் நளாயினி.

"அப்ப மிச்சத் தரம்?"

"அவுட்."

இது எனக்கு ஆறுதலா, மச்சான்? வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன், "கஷ்டம் வந்தா நிண்டு பிடிக்கிற குடும்பம் இல்லை இது" என்று. பிள்ளை உறவெல்லாம் விட்டு வந்தவள். நாளைக்கு நாங்கள் இல்லாத காலத்தில் அவளுக்கென்று நிற்க ஒருவன் வேண்டாமா? அவள் இப்போது என்னோடு கதைப்பதில்லை. இராசமலர் என் சோற்றுக் கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. தாய்மாமன் சொன்னால் நளாயினி கேட்பாள். "இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று நாலு வரி காட்டமாக எழுதி உடனே அனுப்பும்.

பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

என்றும் உம்முடைய,
செல்வரத்தினம்

பி.கு.: இதை ஒட்டப் போன நேரம் வால்டர் காரில் வந்து இறங்கினார். நளாயினி அழுவதை மகன் சொல்லியிருக்கிறான். வாசலிலேயே கேட்டுவிட்டேன், அவுட் ஆவோம் என்று தெரிந்தும் ஏன் ஐயா போய் நின்றீர் என்று. மனிதர் சிரிக்கவில்லை. "வரிசையில் அடுத்த ஆள் நான்தானே. நான் போகாவிட்டால் வேறு யார் போவது? ஒரு நாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை," என்றார். உள்ளே கூட்டிவந்து தோசை கொடுத்தேன். நளாயினிதான் சுட்டாள், என்னோடு கதைத்துக்கொண்டே. வீட்டில் வேறு வான்கடிதத் தாள் இல்லை, ஆகவே மேலே எழுதியதையெல்லாம் நீரே வெட்டிவிடும். கலியாணம் ஆவணியில். தாய்மாமனாக வந்து நிற்க உம்மை விட்டால் இவளுக்கு வேறு யார்? விசாவுக்கு இன்றைக்கே எழுதும்.