‘இன்னும் இறங்கும்’ மனிதர்

பொருள் வாங்குகிறவர்கள், வாங்காதவர்கள் என்று மனிதர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். இது தவறு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று நம் நடுவிலேயே நடமாடுகிறது. கடை வாசலில் ‘தள்ளுபடி’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை ஏறிவிட்டால் போதும், அது எங்கிருந்தாலும் வந்து சேரும். வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, விலைச்சீட்டைப் படித்து, கண்ணைச் சுருக்கி, பக்கத்தில் நிற்பவர் முன்பின் தெரியாதவராகவே இருந்தாலும் அவர் காதருகே குனிந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லும்.

“அவசரப்படாதீங்க. இன்னும் இறங்கும்.”

சொல்லிவிட்டுப் போய்விடும். வாங்காது.

இந்த இனத்தை நீங்கள் பார்த்ததில்லை என்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டு மாடியில்தான் அத்தையோடு குடியிருக்கிறார். வெயில் கொளுத்தும்போது கம்பளிக் கோட்டு வாங்குவார், ஏனென்றால் அப்போதுதான் அது விலை போகாமல் கிடக்கும். பல் கிட்டுகிற குளிரில் மின்விசிறி வாங்குவார். மழை முடிந்த மறுநாள் குடை வாங்குவார், மழை முழுவதையும் தலையில் வாங்கிய பிறகு. ஆகவே எந்தப் பருவத்திலும் அவரிடம் தேவையான பொருள் இருக்காது. தேவையில்லாத பொருள் இருக்கும், பாதி விலையில்.

ஷூ விஷயம் இன்னும் பரிதாபம். விலை இறங்க இறங்க அளவுகள் தீர்ந்துகொண்டே வரும் என்பது கடைகளின் இயற்கை. நடுத்தரக் கால்காரர்கள் முதலிலேயே வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கடைசியில் மிஞ்சுவது குழந்தைக் காலும் ராட்சசக் காலும்தான். மாமாவுக்கோ ஊரில் எல்லோருக்கும் இருக்கிற நடுத்தரக் கால். என்ன செய்வார்? ராட்சச ஷூவை வாங்கி, முனையில் செய்தித்தாளைத் திணித்து, அதற்குள் குடியேறிவிட்டார். தெருமுனையில் மாமா திரும்பினால், கொஞ்சம் கழித்துத்தான் ஷூ திரும்பும்.

“என்ன விலை இருக்கும், சொல்லுங்க பாப்போம்?” என்று காலைத் தூக்கிக் காட்டி விருந்தாளிகளைக் கேட்பார். சரியான விலையைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அதைவிட மூன்று மடங்கு சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர் உட்காரச் சொல்வார்.

இதுவரை சிரிக்கலாம். தவறில்லை, நாங்களும் சிரித்தோம். ஆனால் அத்தையின் மணிக்கட்டும் இதில் வந்து மாட்டிக்கொண்டது.

அத்தை ஒரு அலுவலகத்தில் நாள் முழுவதும் தட்டச்சு செய்கிறவர். மாலை வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் உட்கார்ந்து துணி துவைப்பார், ஏனென்றால் பழைய சலவை இயந்திரம் புகைவிட்டுச் செத்துப்போயிருந்தது. வலது மணிக்கட்டு வீங்கியது. டாக்டர் பட்டை கட்டிவிட்டு, “துணி பிழியவே கூடாது. இப்படியே போனா விரல் மடங்காது, வேலைக்கும் போக முடியாது” என்றார். ஆக, புது இயந்திரம் வேண்டும். உடனே வேண்டும். இதில் யாருக்காவது சந்தேகம் உண்டா?

மாமாவுக்கு இருந்தது. ஏனென்றால் அதே வாரம்தான் எங்கள் தெருமுனையில் இருந்த, துணிமணியும் விற்கிற பெரிய வீட்டுப்பொருள் கடை, ‘கடையை மூடுகிறோம், எல்லாம் போக வேண்டும்’ என்று பலகை வைத்தது.

அந்தக் கடையில்தான் என் அக்கா வேலை பார்த்தாள். இந்தச் சமாச்சாரம் எப்படி நடக்கிறது என்று அவள் எனக்கு விளக்கிச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் அதுவரை மூடுகிற கடை என்றால் அழுதுகொண்டே விற்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. கடையை மூடிக்கொடுப்பதையே தொழிலாகச் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வந்து முதல் வேலையாகப் பழைய சலுகை விலைகளையெல்லாம் கிழித்துவிட்டு, பெட்டியில் அச்சிட்ட முழு விலையை ஒட்டுவார்கள். பிறகு அதிலிருந்து இருபது சதவீதம் குறைப்பார்கள். போன மாதம் சாதாரணமாக விற்ற அதே விலை வந்து நிற்கும், ஆனால் இப்போது சிவப்புச் சீட்டில். கூட்டம் அம்மும். ஆட்கள் வாங்கிக்கொண்டே இருக்கும்வரை விலையைத் தொடமாட்டார்கள். கூட்டம் குறைந்தால் இன்னொரு சீட்டு, அதன்மேல் இன்னொரு சீட்டு. நடுவில் வேறு கிடங்கில் தூங்கிய பொருள்களையும் லாரியில் கொண்டுவந்து கலந்துவிடுவார்கள். கடைசி நாள்களில் பொருளே இருக்காது. அப்போது அலமாரி, மேஜை, துணி மாட்டுகிற கம்பி, பொம்மை என்று கடையையே கழற்றி விற்பார்கள்.

இவ்வளவும் மாமாவுக்குத் தெரியும். தெரிந்ததுதான் ஆபத்து.

கடையில் சலவை இயந்திரம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. முன்பக்கம் கதவு வைத்தது. அத்தை போய்ப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார், அவருக்குப் பிடித்துவிட்டது.

“ஏங்க, இதையே எடுத்துடலாங்க. இருபது பர்சென்ட் போட்டிருக்கான்.”

“இருபதா? இருபதுக்கு வாங்குறவன் மனுஷனா? நாப்பது வரும் பாரு.”

நாற்பது வந்தது. மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நாப்பது வந்துடுச்சே மாமா,” என்றாள் அக்கா. “அத்தை கையைப் பாத்தீங்களா? பன்னு மாதிரி வீங்கியிருக்கு.”

“ஏம்மா, உள்ள வேலை பாக்குற நீயே இப்படிப் பேசலாமா? அறுபது வராம மூடுவானா?”

“அதுக்குள்ள வேற யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?”

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சதுரங்கத்தில் ராணியை வெட்டப் போகிறவன் சிரிப்பு.

இங்கே இந்த இனத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இவர்கள் ஒளித்துவைப்பவர்கள். இன்றைய விலைக்கு வாங்கவும் மனமில்லை, பிறர் வாங்கிப் போகவும் மனமில்லை என்றால், பொருளைக் கடைக்குள்ளேயே மறைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அக்கா சொல்வாள், சாயங்காலம் கடையைச் சாத்தும்போது ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே பெட்ஷீட் குளிர்ந்துகொண்டிருக்குமாம். மிதியடிகளுக்கு அடியில் மேஜை விரிப்பு. பிரஷர் குக்கருக்குள் ஒரு ஜோடி பூட்ஸ். எல்லாம் அடுத்த விலைக்குறைப்புக்காகக் காத்திருப்பவை.

சலவை இயந்திரத்தை எங்கே ஒளிப்பது? குக்கருக்குள் போகாதே? ஆனால் அதன் முன்புறத்தில் சோப்புத்தூள் போடுகிற டிரே ஒன்று இருக்கிறது. ஒரு கொக்கியை அழுத்தினால் தனியாக வந்துவிடும். அதை மாமா உருவினார். சட்டைக்குள் செருகிக்கொண்டு, கடை நடுவில் காலுறைகள் பரப்பியிருந்த பெரிய மர மேஜையின் இழுப்பறையில், காகிதப் பைகளுக்குப் பின்னால் திணித்தார். இனி அந்த இயந்திரம் முன்பல் போன ஆள் மாதிரி நிற்கும். பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு நகர்வார்கள்.

நகர்ந்தார்கள். அதுமட்டுமல்ல, கடையை மூட வந்த ஆள் ஒருவர் அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, ‘பழுது’ என்று ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டி, இன்னும் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போனார். அன்று மாலை மாமா தரையில் நடக்கவில்லை.

“பாத்தியா? உன் புருஷனுக்கு மூளை இல்லன்னு சொன்னியே?”

அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

கடைசியில் எழுபது வந்தது. மாமா ராட்சச ஷூவோடு ஓடினார். முதல் வேலையாகப் பணம் கட்டினார், ஏனென்றால் டிரேயோடு கவுண்டருக்குப் போனால் ‘பழுது’ச் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் அல்லவா? பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது, மாற்றித் தரப்படமாட்டாது’ என்று முத்திரை விழுந்தது. முத்திரையை ஊதிக் காயவைத்து, பில்லை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, விசிலடித்தபடி கடையின் நடுவுக்கு வந்தார்.

மேஜை இல்லை.

மேஜை நின்ற இடத்தில் நான்கு கால்களின் தடமும் ஒற்றைக் காலுறையும் மட்டும் இருந்தன.

“இங்க இருந்த மேஜை எங்கம்மா?”

“அதா? காலைல வித்துட்டோம் மாமா,” என்றாள் அக்கா. “யாரோ வேன் கொண்டாந்து ஏத்திக்கிட்டுப் போனாரு. ஏன்?”

“மேஜையை எதுக்கு விக்கிறீங்க? அது கடையோட மேஜைம்மா!”

“கடையே இல்லையே மாமா.”

இயந்திரம் எங்கள் மாடிக்கு ஏறியது. அத்தை அந்த ஓட்டையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். “சின்ன விஷயம்,” என்றார் மாமா. டிபன்பாக்ஸ் மூடி ஒன்றை ஓட்டைக்குள் செருகி, மேலே டேப் ஒட்டி, சுவிட்சைப் போட்டார். தண்ணீர் அந்த டிரே வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்பது இயந்திரத்துக்குத் தெரிந்திருந்தது, மாமாவுக்குத் தெரியவில்லை. மூடி பறந்தது. பின்னாலேயே தண்ணீர் வந்தது. அது மாமாவின் மார்பில் அடித்து, அறையைச் சுற்றி, படியில் இறங்கி, கீழே எங்கள் அம்மாவிடம் வந்து விஷயத்தைச் சொன்னது.

பழுது பார்க்கிறவர் வந்தார்.

“டிரே போட்டா போதும் சார், மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஆனா டிரே கிடைக்காது. இந்த மாடலைக் கம்பெனிக்காரனே நிறுத்திட்டான். உதிரிபாகமும் வர்றதில்ல. அதனாலதான் சார் உங்களுக்கு இவ்வளவு கம்மியா கிடைச்சிருக்கு.”

“வேற வழியே இல்லையா?”

“யாராவது இதே மாடலைத் தூக்கிப் போட்டா, அதுல இருந்து கழட்டிக் கொண்டாறேன். எப்ப வரும்னு சொல்ல முடியாது. காத்திருக்கணும்.”

மாமாவின் முகம் மலர்ந்தது. “காத்திருக்கலாமே!”

அத்தை எழுந்தார். உள்ளே போய், ஊறவைத்த துணியோடு வாளியைத் தூக்க முடியாமல் காலாலேயே தள்ளிக்கொண்டு வந்து, மாமாவின் முன்னால் நிறுத்தினார்.

“தாராளமா காத்திருங்க. துவைச்சுக்கிட்டே காத்திருங்க.”

மாமா துவைத்தார். முதலில் அது ஒரு சுலபமான வேலை என்று எங்களுக்கு விளக்கினார். “சட்டைக் காலரை இப்படித் தேய்க்கணும், பாரு. இதுல என்ன இருக்கு?” அடுத்து கால்சட்டைகள் வந்தன. விளக்கம் நின்றது. அதற்கடுத்து துண்டுகள் வந்தன. மாமா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரட்டைக் கட்டில் போர்வை வந்தது. ஈரமான இரட்டைக் கட்டில் போர்வையைத் தனியாளாகப் பிழிந்திருக்கிறீர்களா? ஒரு முனையைத் திருகினால் மறுமுனை அவிழும். மறுமுனையைப் பிடித்தால் அது உங்களைத் திருகும்.

பாதி பிழிந்த போர்வையை அப்படியே போட்டுவிட்டு மாமா வெளியே போனார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. மதியம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து புத்தம்புது சலவை இயந்திரம் ஒன்று, அட்டைப்பெட்டியின் மூலைகூட நசுங்காமல், இந்த வருஷத்து மாடல், டிரேயோடு, இறங்கியது. சிவப்புச் சீட்டு இல்லை. மஞ்சள் சீட்டு இல்லை. முழு விலை!

“எத்தன பர்சென்ட் மாமா?” என்றாள் அக்கா.

மாமா அவளைத் தாண்டி அத்தையிடம் பில்லை நீட்டினார். அத்தை அதை வாங்கி நிதானமாகப் படித்தார்.

“அடுத்த மாசம் இறங்கியிருக்குமே?”

“கை வலிக்குது,” என்றார் மாமா.

அத்தை பில்லை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தார்.

“ஆமா,” என்றார். “வலிக்கும்.”

அவ்வளவுதான். நான் அத்தையாக இருந்திருந்தால் நிறையச் சொல்லியிருப்பேன்.

மாமாவின் பொறுமையைப் பற்றி எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு இப்போது ஒரு விஷயம் விளங்குகிறது. அது அவருடைய பொறுமையே அல்ல. காத்திருந்தது அவர், வீங்கியது அத்தையின் கை. செலவு வேறொருவருடையதாக இருக்கும்வரை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். தன் கைக்கு வந்தபோது அவர் ஒரு போர்வையைக்கூடத் தாண்டவில்லை.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் எழுபது சதவீதம் என்று நான் சொன்ன இடத்தில், அந்தக் கடை எந்தப் பக்கம் இருக்கிறது, இன்னும் மூடாமல் இருக்குமா என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், மனம் போய்வந்ததா? போயிருந்தால் பரவாயில்லை, கிளம்புங்கள். கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்குள் ஒரு நடை நடந்து, யாருடைய மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்.